‘வாங்கலாம்’ என்று சொல்லத் தெரியாதவர்

எங்கள் குடும்பத்தில் யார் வீடு வாங்கப் போனாலும் முதலில் அத்தானைக் கூட்டிக்கொண்டு போவார்கள்; பிறகு வாங்காமல் திரும்பி வருவார்கள். இது இவ்வளவு காலம் தவறாமல் நடந்துவந்தும் அவரைக் கூப்பிடுவதை யாரும் நிறுத்தியதில்லை. கசக்கும் என்று தெரிந்தே மருந்தைக் குடிக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேதம் மதிப்பிடும் வேலை. ஒரு கட்டடம் எரிந்த பிறகு, இடிந்த பிறகு, வெள்ளம் புகுந்து வடிந்த பிறகு இவர் போய்ப் பார்ப்பார். என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று சொல்வார். நன்றாக நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைப் பார்ப்பதற்கு இவருக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அதனால் உலகத்தில் கட்டடங்கள் இரண்டே வகை என்று ஆகிவிட்டது: விழுந்தவை, இன்னும் விழாதவை.

வீடு பார்க்கப் போனால் அவர் வீட்டைப் பார்க்கமாட்டார். கூடத்தின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்து அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பார். சாவியால் தரைக்கல்லைத் தட்டி, டாக்டர் நெஞ்சைக் கேட்பதுபோலக் கேட்பார். எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிடுவார். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்வார். விற்கிறவர் இதையெல்லாம் கண்டு வெளிறிப்போயிருக்கும் நேரத்தில், “நல்ல வீடுதான்” என்பார். விற்கிறவருக்கு உயிர் வரும். “ஆனா” என்பார். அந்த ‘ஆனா’வைத் தாண்டி எந்த வீடும் விலைபோனதில்லை.

என் சித்தப்பா மகன் ஒருவன் அந்த ‘ஆனா’வைக் கேட்டு ஒரு அடுக்குமாடி வீட்டை விட்டான். அந்த வீடு பிறகு விலையில் எங்கேயோ போய்விட்டது. இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் அத்தானைக் கண்டால், “வாங்க, என்னைக் காப்பாத்தினவரே” என்று எழுந்து நின்று வரவேற்கிறான். நியாயமாகச் சொல்லவேண்டும், அத்தானின் அலுவலகத் தோழர் ஒருவரும் இருக்கிறார். அத்தான் பேச்சைக் கேட்டு அவர் பணம் கட்டாமல் விட்ட கட்டடம் அரைகுறையாக நிற்க, கட்டினவர் ஊரைவிட்டே போய்விட்டார். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு அத்தான் இத்தனை வருடம் ஓட்டினார்.

அவர் மட்டும் வாடகை வீட்டில் இருந்தார். அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார். “சொந்த வீட்டுக்காரன் மழை பேஞ்சா எழுந்து உக்காருவான், மச்சான். வாடகைக்காரன் போர்வையை இழுத்துப் போத்திக்குவான்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழை பெய்தால் அந்தத் தெருவில் முதலில் எழுந்திருப்பவர் இவர்தான். மழைக்காலம் தொடங்கும் முன் மொட்டைமாடிக்கு ஏறி, வடிகுழாயில் அடைத்திருக்கும் இலைகளைக் கையாலேயே அள்ளிப்போடுவார். வெயில் காலத்தில் விரிசல்களுக்கு வெள்ளைச் சிமெண்ட் பூசுவார். வீட்டுக்குச் சொந்தக்காரர் அங்கே ஏறிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்றோ தெரியாது. “யார் வீட்டுக்கோ யாரோ மருமகனா இருக்காரு” என்பாள் அக்கா.

அக்காவுக்குத் தையல் வேலை. தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, துணி தேய்க்க ஒரு மூலை. பள்ளிச் சீருடை, கால்சட்டை நீளம் குறைப்பது, திரைச்சீலை, யாரோ ஆசையாய் வாங்கி இடுப்பில் ஏறாமல் போனது, இதெல்லாம் அங்கே வந்து சேரும். மிஷின் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே இருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்க அந்த வெளிச்சம் வேண்டும். ஐம்பது தாண்டிய கண்ணுக்குக் கண்ணாடி பாதி, ஜன்னல் பாதி.

வீட்டுச் சொந்தக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மக வந்து கூட இருக்கச் சொல்றா. கடையைக் குடுத்துட்டேன். வீட்டையும் வித்துடலாம்னு பாக்குறேன். வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, போதும்.”

“பாக்கலாம்” என்றார் அத்தான்.

அவர் போனதும் அக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “என்ன பாக்கலாம்?”

“வீட்டுக்கு வயசாச்சு.”

“நமக்கும்தான்.”

“வட்டி ஏறலாம்.”

“வாடகை மட்டும் இறங்கியா வருது?”

“பின்னாடி பெரிய ரோடு போடப்போறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. ரோடு வந்தா வீட்டுல பாதியை இடிப்பாங்க.”

“வராட்டி?”

“வராட்டி விலை ஏறாது.”

அக்கா துணியை மடியில் போட்டாள். “வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு. பாவம் அந்த ரோடு, அது என்னதாங்க பண்ணும்?”

பிறகு அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு வீடு வேணும்னு நான் கேக்கல. எப்பவும் கேட்டதில்ல. இந்த ஜன்னல் வேணும். வேற எடத்துல போய் உக்காந்து, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு, வர்றவங்களை மறுபடி ஒவ்வொருத்தரா சேத்து... என்னால ஆகாது. யோசிச்சுக்கோங்க.”

அவர் யோசித்தார். யோசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய பயங்கள் அசட்டுப் பயங்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். கடன் முடியும் முன்பே வேலை முடிந்துவிடும். இருப்பதையெல்லாம் ஒரே வீட்டில் போட்டுவிட்டு, நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் சுவரைச் சுரண்டியா மருந்து வாங்குவது? அவசரத்துக்கு நகையை விற்கலாம், வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்கமுடியாது. இதெல்லாம் உண்மை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஊரில் எல்லோரும் வீடு வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. முதல் உண்மையை எடை போட அவரிடம் தராசு இருந்தது. இரண்டாவதை எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். “பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றார் அத்தான். மருந்துக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு வந்து கடன் கேட்டவர்களிடம் அவரும் இத்தனை காலமாக அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தரகர், ஒரு பல் மருத்துவரையும் அந்த அம்மாளின் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்தார். அக்கா கதவைத் திறந்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள். அத்தான் நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் விவரமானவர். கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தார். “விரிசல் விட்டிருக்கே.”

பேப்பர் இறங்கியது.

“அது மேல்பூச்சு விரிசல்ம்மா” என்றார் அத்தான். “சுவர் விரிசல்னா கோணலா படிக்கட்டு மாதிரி போகும். இது நேரா நிக்குது பாருங்க. இது இன்னும் நூறு வருஷம் இப்படியேதான் நிக்கும்.”

“ஓதம் அடிக்குதே, அந்த மூலையில.”

“அது ஓதம் இல்ல, போன வருஷத்து ஓதம். காரணம் மாடிக் குழாய். நான் மாத்திட்டேன். கையை வெச்சுப் பாருங்க.”

மாமியார் கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. “தரை சாயுது.”

இந்த இடத்தில் அத்தான் எழுந்தே விட்டார். கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. “இந்த அளவு சாயாத தரையை எனக்கு நீங்க காட்டுங்க. நான் எரிஞ்ச மாளிகையெல்லாம் பாத்திருக்கேன். கழுவி விட்ட தண்ணி வெளிய போகணும்னு வேணும்னே விட்ட சாய்ப்பு இது. அந்தக் காலத்து மேஸ்திரி தெரிஞ்சு செஞ்சிருக்கார்.”

பிறகு அவரே முன்னால் நடந்தார். அஸ்திவாரத்தைப் பற்றிச் சொன்னார். ஜன்னல் மரம் என்ன மரம் என்று சொன்னார். சுற்றிலும் வெள்ளம் நின்ற வருடம் தண்ணீர் எந்தப் படியோடு நின்றது என்று காட்டினார். பின் ரோடு பற்றித் தரகர் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தபோது, “அந்த ரோடு வராதுங்க, பேச்சுதான்” என்று அவர் வாயை அடைத்தார். இருபது வருடமாக மற்றவர்கள் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் சேர்த்து அன்றைக்கு அங்கே கொட்டினார். தரகர் கையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்பவர்போல் நின்றார்.

“சார் மாதிரி ஒருத்தர் இவ்வளவு சொன்னா அப்புறம் என்ன?” என்றார் பல் மருத்துவர். “கீழ கிளினிக், மேல ஒரு மாடி எடுத்தா நாங்க. அத்தை, சரிதானே?” மாமியார் சரியென்று தலையாட்டினார்.

முன்னறையில் மிஷின் நின்றது.

அவர்கள் போனார்கள். அத்தான் கோலிக்குண்டைக் குனிந்து எடுத்தார். அப்போதுதான் தாம் என்ன செய்தோம் என்பது அவருக்கு மெல்ல உறைத்திருக்கவேண்டும்.

“அந்தம்மா தப்புத் தப்பா சொல்லிட்டிருந்தாங்க” என்றார்.

“ஆமா” என்றாள் அக்கா. “சூனியம் வெக்க வெளியாள் தேடிப் போவாங்க. நமக்கு அந்தச் செலவுகூட இல்ல.”

“வீட்டைப் பத்திப் பொய் சொன்னா கேட்டுட்டு உக்காரச் சொல்றியா?”

“இவ்வளவு நல்ல வீடுன்னு எனக்கே இன்னிக்குத்தாங்க தெரியும். பதிமூணு வருஷமா இங்க இருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் நேராக மருந்துக்கடைக்காரரிடம் போனார். “நானே வாங்கிக்கிறேன்” என்றார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாக்குக் குடுத்துட்டேனே. அட்வான்ஸ் வாங்கலைதான். ஆனா வாக்கு வாக்குதானே. அவங்களா விட்டா எனக்கு ஒண்ணுமில்ல. மக வீட்டுக்கு அடுத்த மாசம் கிளம்பணும், அதுக்குள்ள முடியணும்.” பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார்: “தரகர் உங்களுக்குக் கமிஷன்ல பங்கு தரணும்கிறார்.”

அத்தான் பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் போனார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தோடு காத்திருந்து, முறை வந்ததும் உள்ளே போனார். அந்தச் சின்ன அறையில் உட்கார வேறு இடமில்லாததால் நோயாளி நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. அது தானாகப் பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

“எந்தப் பல்லு?”

“பல்லு இல்லைங்க, வீடு.”

வந்த விஷயத்தைச் சொன்னார். பல் மருத்துவர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்: “என்ன சார் நீங்க. நேத்து ஒவ்வொரு சுவரா தட்டிக் காட்டினீங்க. இன்னிக்கு வேண்டாம்கிறீங்க. ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, நான் விட்டுடறேன்.”

எந்தக் கட்டடத்திலும் நாற்பது குறை சொல்லக்கூடியவர் அந்த நாற்காலியில் வாயைத் திறந்தார், மூடினார். “குறை இருக்கு. ஆனா உங்களைக் கலைக்கிறதுக்காக அதைச் சொன்னா அது மோசடி. நேத்து சொன்னதும் உண்மைதான். எங்க வீட்டம்மாவுக்கு அந்த ஜன்னல் வேணும். அதான் காரணம். வேற இல்ல.”

“அப்போ முதல்லயே ஏன் வாங்கல?”

“பயந்துட்டேன்.”

பல் மருத்துவர் விளக்கை அணைத்தார். அவர் இளகிய மனம் படைத்தவர். அதே சமயம் காரியக்காரியும்கூட. “சரி. எனக்கும் வீடு வேணும். எங்க அத்தை எதையும் பிடிக்குதுன்னு சொல்லமாட்டாங்க, நேத்து நீங்க சொல்லித்தான் தலையாட்டினாங்க. நீங்களே வேற ஒண்ணு பாத்து, வாங்கலாம்னு சொல்லுங்க. அன்னிக்கே இதை விட்டுடறேன். அதுவரைக்கும் விடமாட்டேன்.”

கேட்டால் எளிய நிபந்தனை. வேறு யாராக இருந்தாலும் ஒரே நாளில் முடித்திருப்பார்கள். வாழ்க்கையில் ஒருமுறைகூட ‘வாங்கலாம்’ என்று சொல்லாத மனிதரிடம் போய் அதைக் கேட்டார்கள் என்பதுதான் சங்கடம்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் தரகரோடும் மாமியாரோடும் வீடு வீடாக ஏறி இறங்கினார். முதல் வீட்டில் மின்கம்பி பழையது; ‘ஆனா’ வந்துவிட்டது. அடுத்ததில் காற்றே இல்லை. ஒவ்வொரு ‘ஆனா’வுக்கும் தன் வீடு ஒரு அடி தள்ளிப் போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை. தரகர் என்னிடம் தனியாகக் கேட்டார்: “உங்க அத்தானுக்கு வீடு வாங்கணுமா, வேண்டாமா? எனக்கு ஒண்ணும் விளங்கல சார்.”

பிறகு ஒரு வீடு வந்தது. புத்தம் புதிய வண்ணம், பளபளக்கும் தரை, முன்னால் வண்டி நிறுத்த இடம். பல் மருத்துவருக்கும் பிடித்தது, மாமியாருக்கும் பிடித்தது. இரண்டு பேரும் அத்தான் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தார். “வேண்டாம்மா” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாருக்கும் பிடிச்சிருந்ததாமே?” என்றாள் அக்கா.

“பின்சுவர் மண்ணுக்குள்ள இறங்கி உக்காந்துட்டிருக்கு. பூச்சு பூசி மறைச்சிருக்காங்க.”

“நாளைக்கே விழுந்துடுமா?”

“நாளைக்கு விழாது. என்னிக்கோ ஒரு நாள் விழும். அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போடற அறை.” கொஞ்சம் பொறுத்து, “சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார்.

அக்கா தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். “முடிஞ்சிருக்கும். அப்புறம் மழை பேஞ்சா நீங்க அவங்க வீட்டு வாசல்ல போயில்ல உக்காந்திருப்பீங்க. சாப்பிடுங்க.”

அடுத்த நாள் அவரே பல் மருத்துவரிடம் போய்ப் பின்சுவர் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். நன்றி சொன்னார். பிறகு, “சார், ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார். “எங்கிட்ட வர்ற ஒரு வாய்கூட முழுசா நல்லா இருந்ததில்ல. அதுக்காக எல்லாத்தையும் பிடுங்கிடறதில்ல. பிடுங்கவேண்டியது சிலது. அடைச்சுட்டு அதோடயே காலந்தள்ளவேண்டியது மீதி. நீங்க எல்லாத்துக்கும் ஒரே ‘ஆனா’ போடறீங்க. எந்த ‘ஆனா’ பிடுங்கற ‘ஆனா’, எது அடைக்கிற ‘ஆனா’ன்னு பிரிச்சுச் சொன்னா எனக்கு உதவியா இருக்கும்.”

அத்தான் அன்றைக்கு வீடுவரை நடந்தே வந்தார் என்று கேள்வி.

கடைசியாகப் பார்த்த வீடு ஒரு சலவைக்கடைக்கு மேற்கே இருந்தது. பாசிப்பச்சை வண்ணம், கண் கூசியது. மாடிப்படி செங்குத்து. குளியலறைக் கூரையில் ஈரம். சமையலறைக் கதவு மூடாது, மூடினால் திறக்காது. மாமியார் வாசலிலேயே மூக்கைச் சுளித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் கிளம்ப இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

அத்தான் எப்போதும்போல எல்லாவற்றையும் பார்த்தார். குண்டு உருண்டது. குழாய்கள் திறந்தன. அஸ்திவாரத்தைச் சுற்றி வந்தார். பத்திரங்களை ஏற்கெனவே படித்திருந்தார். யாருடைய கையெழுத்தும் பாக்கியில்லை. தெருவில் எதிர்வீட்டுக்காரரிடம் போய் மழைத் தண்ணீர் எப்படிப் போகும் என்று விசாரித்துவிட்டு வந்தார். மாமியாரின் எதிரே வந்து நின்றார். தரகர் வழக்கம்போல் அடுத்த வீட்டு முகவரியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

“வாங்கலாம்” என்றார் அத்தான்.

தாம் சரியாகக் கேட்டோமா என்று மாமியாருக்குச் சந்தேகம். “என்ன சொன்னீங்க?”

“வாங்கலாம்னேன்.”

“ஆனா...?” என்று எடுத்துக்கொடுத்தார் தரகர், பழக்கதோஷம்.

“ஆனா இருக்கு. நெறைய இருக்கு. படி மோசம், குளியலறை ஒழுகும், இந்தக் கலரைப் பாத்தா நோயாளி பாதி வழியிலயே திரும்பிடுவான். எல்லாம் சரிபண்றது. அஸ்திவாரம் நல்லது, பத்திரம் நல்லது, தண்ணி நிக்காது. விலை இறங்கினாலும் வீடு இறங்காது. வாங்கலாம்.”

சொல்லி முடித்தபோது அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது என்று தரகர் பிறகு சொன்னார். மாமியார் படியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் மருமகளைப் பார்த்து, “இவரே சொல்றாரே” என்றார்.

மருந்துக்கடைக்காரர் கிளம்பும் முன்பே இரண்டு பதிவும் ஆயின. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்து, வரிசையில் நின்றவர்களின் வயிற்றெரிச்சலை அத்தான் தாராளமாகச் சம்பாதித்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். “போடுங்க, அவங்க சாப்பாட்டு நேரம் ஆச்சு” என்றாள் அவள்.

இதன் பிறகு குடும்பத்தில் ஒரு விநோதம் நடந்தது. அவர் ‘வேண்டாம்’ என்று சொன்ன காலமெல்லாம் அவரை நம்பியவர்கள், ‘வாங்கலாம்’ என்று சொல்லத் தெரிந்துகொண்டதும் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். “அவரே வீடு வாங்கிட்டாருப்பா, இனிமே அவர்கிட்ட என்ன நியாயம் கிடைக்கும்?” என்றான் என் சித்தப்பா மகன். அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடைத்தன.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். நூல்கண்டுகளை வரிசையாகக் குத்திவைக்க அக்கா ஒரு பலகை வாங்கியிருந்தாள். இத்தனை வருடம் அவையெல்லாம் ஒரு கூடையில்தான் கிடந்தன. பிறத்தியார் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது அத்தானின் சட்டம். அன்றைக்கு அவள் சுத்தியலை அவர் கையில் கொடுத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

அவர் விரலால் தட்டிப் பார்த்தார். “இங்க வேண்டாம். உள்ள பொள்ளலா இருக்கு. பூச்சு பேந்துடும்.”

“எனக்குக் கை எட்டறது இங்கதான்.”

“ஒரு ஜாண் தள்ளி அடிச்சா...”

“ஒரு ஜாண் தள்ளினா நான் எழுந்து எழுந்து எடுக்கணும்.”

அவர் சுவரைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு அவள் காட்டிய இடத்திலேயே ஆணியை வைத்து அடித்தார். சொன்னபடியே உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து உடைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சொன்னேன்ல” என்றார் அத்தான். குரலில் அப்படி ஒரு திருப்தி.

“சொன்னீங்க” என்றாள் அக்கா. “இன்னொரு ஆணி பாக்கி இருக்கு.”